பெருந்தொற்றுக் காலத்தில் கிறிஸ்துமஸ் பரிசு வழங்குவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

2020 டிசம்பரில், வடசென்னையில் உள்ள எங்கள் பங்கில் (ஒரே கத்தோலிக்க ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் சமூகம்), பிழைப்பு நின்றுபோன குடும்பங்களுக்குப் பரிசு வழங்கும் பொறுப்பை நாங்கள் சிலர் ஏற்றோம். முந்தைய ஆண்டுகளைப் போல ஆலய வளாகத்தில் வரிசையாக நிற்கவைத்து வழங்கக் கொரோனா இடம் தரவில்லை. அந்த வரிசையே தவறு என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளைக்குப் பரிசு கொடுப்பவர் தாயாகவோ தகப்பனாகவோ இருக்க வேண்டும். பங்குப் பேரவை அல்ல.

படி 1: குடும்பங்களை அறிதல்

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் வாரங்களான திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறுக்கு (அந்த ஆண்டு நவம்பர் 29) இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். அன்பியங்கள் எனப்படும் பங்கின் அக்கம்பக்கக் குழுக்களின் பொறுப்பாளர்களிடமும், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையினரிடமும் பட்டியல் கிடைக்கும். ஆனால் அதில் வழக்கமாக உதவி பெறுவோரே இருப்பார்கள். வீட்டு வேலைக்கு இனி வரவேண்டாம் என்று நிறுத்தப்பட்ட பெண்களும், பள்ளிகள் மூடியதால் வேன் ஓட்டாமல் இருப்பவர்களும் அதுவரை யாரிடமும் கை நீட்டாதவர்கள் என்பதால் தாமாக வந்து கேட்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் தெரியவரும். மதம் பார்க்க வேண்டாம். பரிசோடு துண்டுப் பிரசுரமும் வைக்க வேண்டாம். அது பரிசை விளம்பரமாக்கிவிடும்.

படி 2: தேவையைக் கேட்டல்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பேசத் தெரிந்த ஒருவர் மட்டும் தொலைபேசியில் அழைக்கட்டும். "என்ன வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்டால், "எதுவானாலும் பரவாயில்லைங்க" என்ற பதில்தான் வரும், ஆகவே ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பிள்ளையின் வயதை வைத்துத் துணி வாங்கினால் பாதி பொருந்தாது. இப்போது போடும் சட்டையின் கழுத்துப்பட்டியில் இருக்கும் 24, 26 போன்ற எண்ணைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பாடங்கள் கைப்பேசிக்கு மாறியிருந்த அந்த ஆண்டில், பொம்மையைவிட மூன்று மாத ரீசார்ஜையே பல தாய்மார்கள் விரும்பினார்கள். நாங்களாகத் தீர்மானித்திருந்தால் எல்லா வீட்டுக்கும் ஒரே கேக்கைத்தான் அனுப்பியிருப்போம்.

படி 3: எண் கொடுத்தல்

பெயரை மறைத்து, "குடும்பம் 14: பெண் குழந்தை, சட்டை அளவு 26, வண்ணப் பென்சில்" என்று மட்டும் எழுதி, பங்கின் வாட்ஸ்அப் குழுவில் இடுங்கள். விரும்புவோர் எண்ணைச் சொல்லி ஏற்கட்டும். எந்த எண் எந்த வீடு என்பது இருவருக்குமேல் தெரியக்கூடாது.

படி 4: வாங்குதலும் கட்டுதலும்

துணிக்கு வண்ணாரப்பேட்டையின் துணிக்கடை வீதியான எம்.சி. ரோடு போதும், பண்டிகைக் கூட்டம் சேரும் மாலையைத் தவிர்த்து, காலையில் கடை திறந்ததும் இருவர் மட்டும் சென்று வாருங்கள். கட்டும் வேலையைச் சன்னல்கள் திறந்த அறையில், முகக்கவசத்துடன், நான்கைந்து பேராகச் செய்யுங்கள். பரிசுகளை வண்ணத்தாளில் சுற்ற வேண்டாம். தாளையும் செலோ டேப்பையும் தனியாகப் பையில் வையுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு தாய் தன் கையால் சுற்றுவதற்குத்தான் அது.

படி 5: வீட்டில் சேர்த்தல்

டிசம்பர் 20-க்குள் முடித்துவிடுங்கள். எந்த நேரம் வரலாம் என்று முன்பே கேளுங்கள்: காசிமேட்டில் படகுக்குப் போகிறவர் வீட்டுக்கும், இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குபவர் வீட்டுக்கும் ஒரே நேரம் ஒத்துவராது. சாதாரண மளிகைப் பையில் கொண்டுபோனால் சந்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பையை வாசலில் வைத்து, ஆறடி தள்ளி நின்று, தொலைபேசியில் அழையுங்கள். தனிமைப்படுத்தப்பட்ட வீடானாலும் இதே முறைதான். புகைப்படம் எடுக்கவே கூடாது. நன்கொடையாளர் ஆதாரம் கேட்டால் கடை ரசீதைக் காட்டுங்கள்.

எண்ணும் முகவரியும் சேர்ந்திருக்கும் தாளைப் பண்டிகை முடிந்ததும் கிழித்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அதே வீட்டில் நிலைமை மாறியிருக்கலாம். பரிசு கொடுப்பவர் பட்டியலுக்கே அவர்கள் வந்திருக்கலாம்.