அச்சகத்தாரிடம் முதலில் கேளுங்கள், பக்கம் பிறகு கட்டலாம்

ஒரு காலத்தில் புதிய புத்தகம் என்றால் 1,000 அல்லது 1,200 படி என்று யோசிக்காமலே எழுதிவிடுவார்கள். அதற்குக் காரணம் ஆஃப்செட் இயந்திரம். பக்கத்தின் உருவம் பதிந்த தகடான பிளேட்டைப் போட்டு, மையும் தண்ணீரும் சமனாகி, நல்ல தாள் வெளிவருவதற்குள் ஒரு கட்டுத் தாள் வீணாகிவிடும். 100 படி அடித்தாலும் 1,000 படி அடித்தாலும் இந்தத் தொடக்கச் செலவு ஒன்றுதான். கணினிக் கோப்பிலிருந்து நேராக அடிக்கும் டிஜிட்டல் அச்சில் பிளேட் கிடையாது. ஒரே ஒரு படிகூட அடிக்கலாம், ஆனால் படி கூடினாலும் அடக்கவிலை பெரிதாக இறங்காது.

எதில் அடிப்பது என்பதைச் சின்னக் கணக்கில் முடிவு செய்யலாம். ஆஃப்செட்டின் தொடக்கச் செலவை, டிஜிட்டல் படி விலைக்கும் ஆஃப்செட் படி விலைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். தொடக்கச் செலவு 20,000, ஆஃப்செட்டில் படிக்கு 40, டிஜிட்டலில் படிக்கு 90 என்று வைத்துக்கொண்டால் 20,000 ÷ 50 = 400. அதற்குக் கீழே டிஜிட்டல், மேலே ஆஃப்செட். ஆனால் 1,000 அடித்து 500 விற்றால், உண்மையான அடக்கவிலை விற்ற 500-இன் மீதுதான் விழும். கிடங்கில் கிடப்பதை ‘இருப்பு’ என்று கணக்கில் எழுதுவதால் மட்டும் அது பணமாகிவிடாது.

விலை கேட்கும்போது “டெம்மி சைஸ், 240 பக்கம், எவ்வளவு?” என்று கேட்டால் வருவது ஊகம்தான். வெட்டிய பிறகு வரும் அளவு, பக்க எண்ணிக்கை, உள்தாளின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது), தாளின் நிறம், உள்ளே எத்தனை வண்ணம், அட்டையின் ஜிஎஸ்எம், லாமினேஷன், பைண்டிங் வகை, புத்தகத்தைக் கொண்டுசேர்க்க வேண்டிய இடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். 300, 500, 1,000 என்று மூன்று எண்ணிக்கைக்கு விலை வாங்குங்கள். கூடக்குறைய எத்தனை படி வரலாம், கூட வந்ததற்குப் பணம் உண்டா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். இதைப் பேசாமல் விட்டால் கடைசிப் பில்லில்தான் சண்டை வரும்.

பக்க எண்ணிக்கையை ஃபாரக் கணக்கில் பாருங்கள். ஃபாரம் என்பது ஒரே பெரிய தாளில் சேர்த்து அடித்து மடிக்கும் பக்கத் தொகுதி. 16 பக்கம் ஒரு ஃபாரம் என்றால் 240 பக்கம் சரியாக 15 ஃபாரம். 244 என்று முடித்தால் அந்த 4 பக்கத்துக்காகத் தனியாக ஒரு ஓட்டம் வேண்டும். முன்பக்கங்களைச் சுருக்கி 240-க்குள் கொண்டுவாருங்கள்; இல்லையென்றால் அரை ஃபாரம் சேர்த்து 248 ஆக்குங்கள்.

அதிகம் தவறு நடப்பது முதுகில். முதுகின் தடிமன் = தாள் எண்ணிக்கை × ஒரு தாளின் கனம். 240 பக்கம் என்றால் 120 தாள். 70 ஜிஎஸ்எம் தாளின் பல்க் (எடைக்கு எவ்வளவு கனம் என்று காட்டும் எண்) 1.3 என்றால் ஒரு தாள் 70 × 1.3 ÷ 1,000 = 0.091 மி.மீ., முதுகு ஏறக்குறைய 11 மி.மீ. அதே 70 ஜிஎஸ்எம், பல்க் 1.6 என்றால் 13.4 மி.மீ. ஜிஎஸ்எம் என்பது எடை. கனத்தைச் சொல்வது பல்க்தான். முதல் பதிப்பை ஆஃப்செட்டில் ஒரு தாளிலும் மறுஅச்சை டிஜிட்டலில் வேறு தாளிலும் அடிக்கும்போது பழைய அட்டைக் கோப்பையே அனுப்பினால், முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு நழுவும். அதனால் அட்டையை அச்சகத்துக்கு அச்சகம் தனிக் கோப்பாக வைத்து, தாளின் பெயரையும் முதுகு அளவையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

தாளின் இழை (அதிலுள்ள நார்கள் படிந்திருக்கும் திசை) முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்காக ஓடினால் பக்கம் விறைப்பாக நிற்கும், புத்தகம் படியாது, ஈரக்காற்றில் முதுகோரம் அலையலையாகும். தாளை இரண்டு திசையிலும் வளைத்துப் பாருங்கள். எளிதில் வளையும்போது விழும் மடிப்பின் திசைதான் இழையின் திசை. நீள இழை ஏ3 தாளில் ஏ4 பக்கங்களை இரண்டிரண்டாக அடித்தால் இழை குறுக்காகத்தான் விழும். டிஜிட்டல் அச்சில் இது அடிக்கடி நடக்கிறது.

பைண்டிங்கில் சாதாரண சூட்டுப் பசை மேப்லித்தோ போன்ற பூச்சில்லாத தாளுக்குப் போதும். ஆர்ட் பேப்பரின் பூச்சுக்குள் பசை இறங்காது, பக்கம் கழன்று வரும். அங்கே பியூஆர் (பாலியூரித்தேன்) பசை அல்லது தையல் வேண்டும். பியூஆர் முழுமையாக இறுக ஒரு நாளாவது ஆகும். ஒட்டிய கையோடு பக்கத்தை இழுத்துப் பார்த்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள். பசை பைண்டிங் உள்ளோரத்தை விழுங்கும், எனவே தடித்த புத்தகத்துக்கு உள் மார்ஜின் 20 மி.மீ. விடுங்கள். டிஜிட்டலில் டோனர் என்ற பொடி மையால் அடித்த அட்டையில் சாதாரண லாமினேஷன் ஒட்டாமல் உரியலாம். அதற்கென்றே உள்ள ஃபிலிம் போடச் சொல்லுங்கள்.

கோப்பைப் பொறுத்தவரை சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீட்டிவிடும் பகுதி), படங்கள் 300 டிபிஐ, எழுத்துருக்கள் பிடிஎஃப்பில் பதிந்திருக்க வேண்டும். எழுத்து கருப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நான்கு வண்ணத்தில் கலந்து போனால் இம்மி விலகினாலும் எழுத்தோரம் நிழலாடும். தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி கம்போஸரை இயக்காமல் யூனிகோட் தமிழை ஓடவிட்டால், ‘கொ’வின் கொம்பு தன் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியேற்றத்திலிருந்து மாற்றிய உரை என்றால் கொ, கோ, கௌ, ஸ்ரீ நான்கையும் தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடிக்குறிப்பு போன்ற சிறிய எழுத்தை உண்மையான தாளில், உண்மையான இயந்திரத்தில் ஒரு பக்கம் அடித்து வாங்குங்கள். இங்க்ஜெட் மை பூச்சில்லாத தாளில் சற்றே பரவும். ‘ண’வின் சுழி அடைபடுவதும் மெய்யின் புள்ளி மங்குவதும் திரையில் தெரியாது.

அச்சுக்கு முன் அச்சகம் ஒப்புதலுக்குத் தரும் மாதிரியான புரூஃபில் எழுத்துப்பிழை தேட வேண்டாம், அந்த வேலை முன்பே முடிந்திருக்க வேண்டும். பக்க வரிசை, வெற்றுப் பக்கங்கள், முதுகு, ஐ.எஸ்.பி.என். பார்கோடு ஆகியவற்றைப் பாருங்கள். பார்கோடைக் கைபேசியில் ஸ்கேன் செய்து, வரும் 13 இலக்கமும் பதிப்புரிமைப் பக்கத்தில் உள்ளதும் ஒன்றா என்று ஒப்பிட்ட பிறகே கையெழுத்திடுங்கள். கையெழுத்திட்ட புரூஃபின் ஒரு படி உங்களிடமும் இருக்கட்டும்.