"எல்லாம் ஒண்ணுதான்"னு சொல்றதுக்கு முன்னாடி: ஆன்மீக புக் படிக்கிறவங்க பண்ற தப்புகள்

நாங்க நடத்துற வாசிப்பு வட்டத்துல புதுசா ஆள் சேரும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன எரிச்சல் வரும், ஆள் மேல இல்ல, என்ன தப்பு பண்ணப்போறாங்கன்னு முன்னாடியே தெரியுறதால. எல்லா மதத்துக்காரங்களும், மதமே வேணாம்னு சொல்றவங்களும் சேந்து படிக்கிற மாதிரியான ஆன்மீக புக்ஸ், கூடவே சுயமுன்னேற்ற புக்ஸ், இதுதான் எங்க ஏரியா. கீழ இருக்கிறதுல பாதிய நானும் பண்ணவன்தான், அதனால உபதேசமா எடுத்துக்காதீங்க. வாங்கி அடுக்கி வைக்கிறது, பாதியில விடுறது, அட்டைய பாத்து மயங்குறது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அத விட்டுடுறேன்.

மேற்கோள் கார்ட நம்புறது

"நீங்க பாக்க விரும்புற மாற்றமா நீங்களே இருங்க"ன்னு காந்தி படத்தோட ஒரு வரி சுத்துதில்ல, அந்த வார்த்தைகள்ல அவர் சொன்னதா எங்கயும் பதிவு கிடையாது. நாம மாறினா உலகத்தோட போக்கும் மாறும்ங்கற அர்த்தத்துல 1913ல எழுதியிருக்கார், அவ்ளோதான். சரி, அதுலயாவது கருத்து கிட்டத்தட்ட ஒத்துப்போகுது. புத்தர் பேர்ல சுத்துறது இன்னும் மோசம். "யார் சொன்னாலும் நம்பாத, உன் அறிவுக்கு சரின்னு பட்டா மட்டும் ஏத்துக்க"ன்னு ஒரு வரி, காலாம சூத்திரங்கற புத்தரோட உபதேசத்துல இருக்குன்னு போடுவாங்க. அந்த சூத்திரத்த எடுத்து படிச்சா, எத மட்டும் வச்சு ஒரு விஷயத்த நம்பிடக்கூடாதுன்னு பத்து விஷயம் வரிசையா வருது. பரம்பரையா வர்றது, நூல்ல இருக்கிறது, குரு சொல்றது எல்லாம் அதுல இருக்கு, யாரும் மறுக்கல, ஆனா அதே வரிசையில வெறும் தர்க்கமும் இருக்கு, ஊகமும் இருக்கு, நாம ஏற்கனவே யோசிச்சு வச்சதோட ஒத்துப்போகுதுங்கற காரணமும் இருக்கு. அதாவது உன் மூளையவும் அப்படியே நம்பிடாதன்னு சொல்ற இடம் அது. கடைப்பிடிச்சு பாத்தா கெடுதல் வருதா நல்லது வருதா, விவரம் தெரிஞ்சவங்க அத பழிக்கிறாங்களா பாராட்டுறாங்களா, இதப் பாக்கச் சொல்லுது. கார்டு போடுறவங்க நமக்கு இனிக்கிற பாதிய மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டாங்க.

மாசம் பத்து புக் முடிக்கிறது

முடிச்சது புக்க மட்டும்தான்.

எல்லாம் ஒண்ணுதான்னு முடிவு பண்ணிட்டு படிக்கிறது

இதுக்காகத்தான் எழுதவே உக்காந்தேன், கொஞ்சம் நீளமா போகும்.

எங்க வட்டத்துல ஒருத்தர் இருந்தார், நல்ல மனுஷன், எக்கச்சக்கமா படிப்பார். பல மதத்து ஞானிகள் சொன்னத தலைப்பு வாரியா தொகுத்த புக் ஒண்ண அவர்கிட்ட ஒருதடவ இரவல் வாங்கினேன். ஓரத்துல பூரா பென்சில்ல "அதேதான்", "அதேதான்"னு எழுதி வச்சிருக்கார். ஆத்மாவ பத்தி உபநிஷத்து வரி வர்ற இடத்துல "அதேதான்". நாலஞ்சு பக்கம் தள்ளி, நிலையான ஆத்மான்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு பௌத்தம் சொல்ற இடம், அங்கயும் "அதேதான்", அதுக்கு கீழ ரெண்டு கோடு வேற. ஒரு தரப்பு இருக்குங்குது, இன்னொரு தரப்பு இல்லங்குது, ரெண்டு பக்கமும் பெரிய பெரிய அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கா வாதம் பண்ணி நூல் நூலா எழுதி வச்சிருக்காங்க, நம்மாளு ஒத்த பென்சில்ல சோலிய முடிச்சிட்டார்.

அதோட போயிருந்தா சிரிச்சிட்டு விட்டுருப்பேன். ஒரு கூட்டத்துக்கு ஒரு அக்கா புதுசா வந்தாங்க, கிறிஸ்தவங்க, ஜெபம் பத்தி பேச்சு வந்துச்சு. "நான் எனக்குள்ள பேசிக்கல, எதிர்ல ஒருத்தர் கேக்குறார், அவர்கிட்ட பேசுறேன், அவர் முடியாதுன்னும் சொல்லலாம், சொல்லியிருக்கார், எனக்கு கஷ்டமே அதான்"ன்னாங்க. அன்னிக்கு பேசினதுலயே உருப்படியான பேச்சு அதான். நம்மாளு குறுக்க பூந்து, "நீங்க சொல்றதும் உள்ளுக்குள்ள இருக்கிற அந்தப் பேராற்றலத்தான்க்கா, பேரு மட்டும்தான் வேற"ன்னார். "இல்ல தம்பி, நான் அதச் சொல்லல"ன்னாங்க. இவரு சிரிச்ச முகமா, "போகப்போக உங்களுக்கே புரியும்"ன்னார். அதுக்கப்புறம் அவங்க வரல. நான் ஃபோன் பண்ணப்போ, "எல்லாரயும் சேத்துக்கிறோம்னு சொல்றீங்க, ஆனா நான் நானாவே வந்தா இடம் இல்லயே"ன்னாங்க. அதுக்கு நான் என்ன சொல்ல.

இப்பவும் அந்த "போகப்போக புரியும்" ஞாபகம் வந்தா கடுப்பாகுது. எவ்ளோ பணிவா சொன்னாலும் அதுக்கு அர்த்தம், உன் மதத்த உன்ன விட எனக்கு நல்லா தெரியும்ங்கறதுதான். அந்த அக்காகிட்ட இருந்து நாங்க கத்துக்கிட்டிருக்க வேண்டியது எவ்வளவோ, கேட்டது நிறைவேறாம போறப்பவும் ஒருத்தர் எப்படி ஜெபம் பண்ணிக்கிட்டே இருக்காங்கங்கறது எந்த புக்லயும் ஈஸியா கிடைக்கிற விஷயமா? போச்சு.

படிக்கிறதுலயும் இதேதான் ஆகுது. எல்லாத்தயும் மிக்ஸில போட்டு அடிச்சா கடைசில நமக்கு பிடிச்ச டேஸ்ட் மட்டும்தான் மிஞ்சும். சூஃபி கவிதையில காதல எடுத்துக்குவோம், அந்தக் கவிஞர் வாழ்ந்த தொழுகையையும் நோன்பையும் விட்டுடுவோம். பௌத்தத்துல தியானத்த எடுத்துக்குவோம், பொய் சொல்லாத, உயிரக் கொல்லாத, போதை வேணாம்ங்கற ஒழுக்கப் பகுதிய பக்கம் தள்ளிடுவோம். அப்புறம் இருபது புக் படிச்சும் நாம ஏற்கனவே நம்புனதுதான் திரும்பத் திரும்ப காதுல விழும், அத பெரிய தரிசனம்னு வேற நெனச்சுக்குவோம்.

இதுல இன்னொண்ணு, "எல்லா ஞானிகளும் உள்ள ஒரே அனுபவத்தத்தான் தொட்டாங்க"ங்கறது முடிஞ்சுபோன முடிவு கிடையாது. இந்த எண்ணம் பழசுதான், ஆல்டஸ் ஹக்ஸ்லிங்கற ஆங்கில எழுத்தாளர் 1945ல இத ஒரு புக்கா போட்டு பெரிய அளவுல பரப்பினார். 1978ல ஸ்டீவன் கட்ஸ்ங்கற அறிஞர், அப்படி வெறுமையா ஒரு அனுபவம் யாருக்கும் வர்றதில்ல, ஒருத்தர் வளந்த மரபு அந்த அனுபவத்தையே செதுக்குதுன்னு வாதம் வச்சார். சண்டை இன்னும் ஓயல. நான் யார் பக்கம்னு கேட்டா நாளுக்கு ஒரு பக்கம், ஆனா ஒரு தரப்பு இருக்குங்கறதே தெரியாம இன்னொரு தரப்ப வேதவாக்கா பிடிச்சிக்கிறதுதான் பிரச்சனை.

"எல்லா வழியும் ஒரே இடத்துக்கு"ன்னு சொல்றதுக்கு ராமகிருஷ்ணர இழுப்பாங்க. அவர் எப்படி பண்ணார்னு பாருங்க. ஒவ்வொண்ணா பண்ணார். இஸ்லாமிய சாதனை பண்ண நாட்கள்ல அந்த முறையிலயே உடுத்தி, அந்த முறையிலயே தொழுது, இந்து தெய்வங்கள பாக்கக்கூட மனசு வரலன்னு அவரே சொன்னதா அவர் வாழ்க்கை வரலாறு சொல்லுது. அவ்வளவு தூரம் உள்ள போயிட்டு வந்தவர் சொன்ன வரிய, முன்னுரைய மட்டும் படிச்சவங்க சொல்றோம். நம்ம வள்ளலாரயே எடுத்துக்கங்க, 1865ல சமரச சன்மார்க்க சங்கம், 1867ல பசிச்சவங்களுக்கு சோறு போடுற தருமச்சாலை. சாதி சமயம் எதுவும் வேணாம்னு தூக்கிப் போட்டவர், ஆனா சீவகாருண்யம்னு வந்தா துளி விட்டுக் கொடுக்கல, புலால் கூடாதுன்னா கூடாதுதான். சமரசம்னா அவரவர் இஷ்டம்னு அவர் எங்க சொன்னார்?

அதனால ஒரு நேரத்துல ஒரு மரபு, அதுவும் அதுக்குள்ள வாழ்றவங்க எழுதினது, மூணு நாலு மாசமாவது. ஓரத்துல எழுதணும்னா ஒத்துப்போறத எழுதாதீங்க, இடிக்கிறத எழுதுங்க. ஒரு மதத்த பத்தி ஒரு வாக்கியம் தோணுச்சுன்னா, அந்த மதத்துக்காரர்கிட்டயே அத சொன்னா "ஆமா, நாங்க சொல்றது இதான்"னு தலையாட்டுவாரான்னு யோசிங்க. ஆட்டமாட்டார்னா அந்த வாக்கியம் நம்மளோடது, அவங்களோடது இல்ல.

துக்கத்துல இருக்கிறவங்ககிட்ட புக் வரிய எடுத்து விடுறது

"எல்லாம் ஒரு காரணத்துக்காகத்தான் நடக்குது." ஒருத்தர பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கிறவங்ககிட்ட போய் இதச் சொல்லாதீங்க, தயவுசெஞ்சு. உங்ககிட்ட நீங்களே சொல்லிக்கிறதுலயும் ஜாக்கிரதை. மனசுல ஆறாம கிடக்கிற காயத்த ஆன்மீகத்த வச்சு தாண்டிப் போயிடுற இந்தப் பழக்கத்துக்கு ஜான் வெல்வுட்ங்கற உளவியலாளர் 1984லயே பேரு வச்சிட்டார். அப்பா மேல இருக்கிற கோபத்த ஒருதடவகூட வாய்விட்டு சொல்லாம "நான் மன்னிச்சிட்டேன்"னு சொல்றவங்கள நிறைய பாத்திருக்கேன், அடுத்த பத்து நிமிஷத்துல பேச்சு அந்த அப்பாகிட்டயேதான் வந்து நிக்கும்.

தியானம்னா நல்லது மட்டும்தான்னு நெனைக்கிறது

1979ல ஜான் கபட்-ஜின் ஆரம்பிச்ச எட்டு வார பயிற்சி மாதிரி, பக்கத்துல ஆள் இருந்து சொல்லித்தர்ற முறைகள் இருக்கு. புக்க மட்டும் வச்சிக்கிட்டு ஒரே வாரத்துல மணிக்கணக்கா உக்கார்றது வேற. தியானம் பண்றவங்களுக்கு பயம், தூக்கம் கெடுறது, பழைய ரணமெல்லாம் மேல வர்றதுன்னு என்னென்ன சிக்கல் வந்துச்சுன்னு அவங்ககிட்டயே கேட்டு, 2017ல பெரிய ஆய்வு ஒண்ணு வந்திருக்கு. பெரும்பாலான புக்ல இது ஒரு வரி கூட இருக்காது. அப்படி வந்தா "இது சுத்திகரிப்பு"ன்னு பல்லக் கடிச்சிக்கிட்டு தொடராதீங்க, நிறுத்திட்டு விவரம் தெரிஞ்சவங்ககிட்ட பேசுங்க.

மாத்திரைய நிறுத்துறது

டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க. எந்த அத்தியாயம் சொன்னாலும்.

ஜெயிச்ச மாதிரியே கற்பனை பண்றது

கண்ண மூடி ஆசைப்பட்டது கிடைச்சிட்ட மாதிரி பாருங்கன்னு பாதி சுயமுன்னேற்ற புக்ல இருக்கும். கேப்ரியல் ஓட்டிங்கன்ங்கற உளவியலாளர் 1991ல எடை குறைக்க சேந்த பெண்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, சுகமான கற்பனையில மிதந்தவங்களுக்கு எடை குறைஞ்சது கம்மி, நம்மால முடியும்னு எதிர்பாத்தவங்களுக்கு கூட. கற்பனையும் நம்பிக்கையும் வேற வேற. அதனால கற்பனை பண்ணா, குறுக்க எது நிக்கும்ங்கறதயும் சேத்து யோசிங்க, அத எப்படி தாண்டப்போறோம்னும் ஒரு வரி எழுதி வைங்க. போர் அடிக்கும், வேலை செய்யும்.

எழுதினவர கும்பிடுறது

"யாதும் ஊரே யாவரும் கேளிர்" எல்லாருக்கும் மனப்பாடம். அதே பாட்டோட கடைசிய யாரும் சொல்றதில்ல: "பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே." புறநானூறு 192, மொத்தமே 13 வரிதான், முழுசா படிச்சிடுங்க.

கேக்காம கிஃப்ட் குடுக்கிறது

வேணாம். கோபத்த அடக்குறது பத்தின புக்க பிறந்தநாளுக்கு கட்டின புருஷன் கையால வாங்கினவங்க மூஞ்சிய நான் நேர்ல பாத்திருக்கேன்.