எரிகிறதே என்று ஒட்டிவிடாதீர்கள்

விமானம் போன்றவற்றின் சிறிய பிளாஸ்டிக் மாதிரிகளுக்குள் விளக்கு வைக்கும் ஆசை இப்போது பலரைப் பிடித்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் எங்கள் வயதுக்காரர்கள் எப்போதோ செய்து கை சுட்டுக்கொண்ட அதே தவறுகளைப் புதியவர்கள் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எல்.இ.டி.யைத் தலைகீழாக இணைப்பது, செல் தீர்ந்ததைக் கவனிக்காதது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே கற்றுக்கொடுத்துவிடும்.

பட்டன் செல்லை நம்புவது

சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பட்டன் செல்லின் இரு பக்கமும் எல்.இ.டி.யின் கால்களை வைத்து அழுத்தினால் அது எரியும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் தேவைப்படாது. "ரெசிஸ்டர் எல்லாம் புத்தகத்துக்குத்தான்" என்று புதியவர் அப்போதே முடிவுகட்டிவிடுகிறார். கேடு அங்கே தொடங்குகிறது.

அந்தச் செல்லுக்குள்ளேயே மின்தடை இருக்கிறது. ஆகவே பெரிய மின்னோட்டத்தை அதனால் தரவே முடியாது. ரெசிஸ்டரின் வேலையைச் செல்லே சத்தமில்லாமல் பார்த்துவிடுகிறது. கைப்பேசி சார்ஜரிலிருந்து வரும் 5 வோல்ட் அப்படி அல்ல, கேட்டதைக் கொடுக்கும். சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும், வெள்ளைக்கு 3. அதைத் தாண்டி மின்னழுத்தம் கொஞ்சம் ஏறினாலே மின்னோட்டம் பல மடங்காகும். எல்.இ.டி. சூடாகச் சூடாக இன்னும் அதிகமாக இழுக்கும். பிறகு கருகும்.

ஓர் இளைஞர் அசலில் 72-இல் ஒரு பங்கு (1:72) அளவில் டகோட்டா விமானம் செய்தார். முனைக்கு முனை ஏறத்தாழ 40 செ.மீ. இறக்கை, இரு நுனிகளிலும் விளக்கு. பட்டன் செல்லில் சோதித்தார், எரிந்தன. இறக்கையை ஒட்டினார், இணைப்பில் இடைவெளியை நிரப்பும் புட்டி வைத்துத் தேய்த்தார், வண்ணம் அடித்தார், டீகல் என்னும் ஒட்டுப்படங்களையும் ஒட்டினார். எல்லாம் முடிந்த பிறகு யு.எஸ்.பி. கம்பியில் இணைத்தார். சிவப்பு விளக்கு ஒரு கணம் ஆரஞ்சாகப் பளிச்சிட்டு அணைந்தது. என்னிடம் கொண்டுவந்து அவர் சொன்ன முதல் வார்த்தை: "கடைக்காரர் மட்டமான எல்.இ.டி.யைத் தள்ளிவிட்டார், சார்."

எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். கணக்குப் போடாதவர் இவர், பழி கடைக்காரருக்கு! இதே புகாரை வெவ்வேறு வாய்களில் கேட்டுவிட்டேன். அந்த இறக்கையைத் திறப்பதும் எளிதல்ல. மாதிரியின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனுக்கு உரிய பசை அந்தப் பிளாஸ்டிக்கையே கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். கத்தியை நுழைத்தால் ஒட்டிய கோட்டில் பிரியாமல் பக்கத்தில் பிளக்கும்.

கணக்கு பள்ளிக்கூடத்து ஓம் விதிதான். மின்மூலத்தின் வோல்ட்டிலிருந்து எல்.இ.டி.யின் வோல்ட்டைக் கழியுங்கள், வேண்டிய மின்னோட்டத்தால் வகுங்கள். 5 வோல்ட்டில் வெள்ளை எல்.இ.டி. என்றால் மிச்சம் 2 வோல்ட். 20 மில்லி ஆம்பியருக்கு 100 ஓம். ஆனால் சிறிய எல்.இ.டி.கள் பலவற்றுக்கு 20 என்பதே தொடர்ந்து தாங்கும் வரம்பு. மேலும், அவ்வளவு கொடுத்தால் விமானத்தின் ஜன்னல் லாரியின் முகப்பு விளக்கைப் போலக் கண்ணைக் குத்தும். 1,000 ஓம் போடுங்கள், 2 மில்லி ஆம்பியர் வரும். அதுவே சில இடங்களில் கூடுதலாகத் தெரியும்.

எல்.இ.டி. ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும். சிவப்பையும் வெள்ளையையும் இணையாகக் கட்டி ஒரே ரெசிஸ்டரில் விட்டால், சிவப்பு மின்னோட்டம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும், வெள்ளை எரியாது. உடனே வெள்ளை பழுது என்று அதையும் தூக்கிப் போடுவார்கள். சென்னை ரிச்சி தெருவில் ரெசிஸ்டர் விற்கும் விலையைக் கேட்டால், இந்தக் கஞ்சத்தனம் எதற்கு என்றுதான் தோன்றும்.

ஒட்டுவதற்கு முன், கடைசியில் எந்த மின்மூலத்தில் ஓடப்போகிறதோ அதிலேயே பல மணி நேரம் எரியவிடுங்கள். பிறகு பசையைத் தொடுங்கள்.

பிளாஸ்டிக் ஒளியை மறைக்கும் என்று நினைப்பது

மறைக்காது. மெல்லிய பாலிஸ்டைரீன் சுவர் வழியாக ஒளி கசியும், உடல் முழுவதும் மங்கலாக ஒளிரும். உட்பக்கம் முதலில் கறுப்பு வண்ணம் பூசுங்கள், அதன் மேல் வெள்ளை. கறுப்பு ஒளியைத் தடுக்கும், வெள்ளை உள்ளே சிதறவைக்கும். வெறும் வெள்ளையோடு நிறுத்துகிறவர்கள் இருட்டறையில் ஒரு முறை பார்த்தால் நான் சொல்லத் தேவை இருக்காது. உடலின் இரு பாதிகளும் சேரும் கோட்டையும் பாருங்கள், அங்கேதான் முதலில் கசியும்.

மாதிரிக்குள் வைத்துச் சால்டர் செய்வது

ஈயத்தை உருக்கிக் கம்பிகளை இணைக்கும் சால்டரிங் அயர்னின் நுனி 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பாலிஸ்டைரீன் 100 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். மேசையில் சால்டர் செய்து முடித்துவிட்டு உள்ளே நுழைத்துவிடுங்கள். எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பி இதற்கு ஏற்றது. நுனியில் மட்டும் எனாமலை நீக்க மறக்காதீர்கள், பூச்சின் மேல் ஈயம் பிடிக்காது.

கண்ணாடிப் பாகத்துக்கு அருகில் சூப்பர் குளூ

அதன் ஆவி பட்டால் வெண்படலம் படியும். வெள்ளைப் பசை போதும்.

சிவப்பும் பச்சையும்

இறக்கை நுனி விளக்குகளில் விமானியின் இடக்கைப் பக்கம் சிவப்பு, வலக்கைப் பக்கம் பச்சை. எதிரே நின்று பார்க்கும் உங்கள் இடக்கை அல்ல.

பேட்டரியை உள்ளே வைத்து மூடுவது

வேண்டாம். கம்பியை வயிற்றின் அடியில் வெளியே எடுத்து, பேட்டரியையும் ஸ்விட்சையும் மாதிரி நிற்கும் மேடைக்குள் வையுங்கள்.