காப்பர் டி நூல் தெரியவில்லையா? ‘விழுந்திருக்கும்’ என்று விட்டுவிடாதீர்கள்

கர்ப்பம் தரிக்காமல் இருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் சின்னக் கருவிதான் காப்பர் டி. அதைப் போட ஐந்து நிமிடம்கூட ஆகாது. அந்த ஐந்து நிமிடத்தில் தவறு நடப்பது அபூர்வம். போட்டபின் வரும் மாதங்களிலும் வருடங்களிலும்தான் கணக்கு தவறிப்போகிறது. கடலூரில் செவிலியராகக் குடும்பநலப் பிரிவில் வேலை பார்க்கிறேன். முதல் குழந்தை பெற்று வரும் பெண்களும், புதிதாக வேலைக்குச் சேரும் செவிலியர் தங்கச்சிகளும், பல வருடமாக நான் பார்த்துவரும் அதே தவறுகளைத்தான் இன்றைக்கும் செய்கிறார்கள். இரண்டு பேருக்குமாகச் சேர்த்தே இதை எழுதுகிறேன். கருவிகள் சுத்தமாக இருக்க வேண்டும், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்த வகை, எந்தத் தேதி என்று தெரியாமல் இருப்பது

அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுவது இரண்டு வகை. 380ஏ என்பது 10 வருடத்துக்கு. 375 என்பது 5 வருடத்துக்கு. இரண்டையும் வெளியே ‘காப்பர் டி’ என்றே சொல்வதால், பத்து வருடம் இருக்க வேண்டியதை மூன்றாம் வருடமே “பழசாயிடுச்சு” என்று எடுக்க வருகிறார்கள். ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டியதை எட்டு வருடமாக மறந்துவிட்டவர்களும் வருகிறார்கள்.

போட்டவுடன் ஒரு அட்டை தருவார்கள். நம் பக்கம் அது தொலைவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. வளைகாப்பு முடிந்து பெண் தாய் வீட்டுக்கு வருகிறாள், பிரசவம் இங்கே நடக்கிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு புகுந்த வீடு போகிறாள். அட்டை அம்மா வீட்டு பீரோவிலேயே தங்கிவிடும். பாகூர் பக்கம் வாக்கப்பட்ட பெண் என்றால் இன்னும் சிக்கல். கடலூருக்கும் பாகூருக்கும் நடுவில் தூரம் அதிகமில்லை, ஆனால் அது புதுச்சேரி, இது தமிழ்நாடு. இங்கே எழுதிய பதிவை அங்கே இருக்கும் நர்சம்மாவால் பார்க்க முடியாது.

அட்டையை அன்றைக்கே போனில் படம் எடுத்து உங்கள் கணவருக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள். செவிலியர்களுக்கு: “பத்து வருஷம் இருக்கும்மா” என்று சொன்னால் போதாது. எந்த வருடம், எந்த மாதம் மாற்ற வேண்டும் என்று அட்டையில் எழுதிக் கொடுங்கள்.

நூல் தெரியவில்லை என்றால் விழுந்துவிட்டது என்று முடிவு கட்டுவது

எல்லாவற்றிலும் அதிக விலை கொடுக்க வைப்பது இந்தத் தவறுதான். இன்னமும் எனக்குக் கோபம் வருவதும் இதில்தான்.

காப்பர் டியின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் நூல் இருக்கும். அது கர்ப்பப்பையின் வாய் வழியாக வெளியே கொஞ்சம் தொங்கும். வழக்கமாக, சும்மா இருக்கும் கர்ப்பப்பையில் போடும்போது நூலை அளவாக வெட்டிவிடுவார்கள், பரிசோதித்தால் தெரியும். பிரசவத்தோடு போடும்போது கதை வேறு. நஞ்சுக்கொடி விழுந்த பத்து நிமிடத்திலோ, 48 மணி நேரத்துக்குள்ளோ, சிசேரியன் என்றால் அந்தத் தையலுக்கு முன்னாலோ போடுகிறார்கள். அப்போது கர்ப்பப்பை பெரிதாக இருக்கிறது, நூல் முழுவதும் உள்ளே இருக்கிறது. கர்ப்பப்பை சுருங்கச் சுருங்க நூல் மெல்லக் கீழே இறங்கும். சிலருக்கு ஆறு வாரத்தில் தெரியும், சிலருக்கு மாதங்கள் ஆகும். சிசேரியன் ஆனவர்களில் பலருக்கு அது உள்ளேயே சுருண்டு கிடந்துவிடும்.

ஆகவே ஆறாவது வாரம் பார்க்கும்போது நூல் தெரியவில்லை என்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம். காப்பர் டி சரியான இடத்தில் இருக்கிறது, நூல் மட்டும் மேலே ஏறியிருக்கிறது. அல்லது, உதிரப்போக்கோடு அவளுக்கே தெரியாமல் விழுந்துவிட்டது; பிரசவத்தோடு போட்டது விழுவதற்கு வாய்ப்பு அதிகம். அல்லது, மிக அபூர்வமாக, கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போய்விட்டது. விரலால் தொட்டுப் பார்த்தும் டார்ச் அடித்துப் பார்த்தும் இந்த மூன்றில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் சொல்கிறார்கள். “நூலே காணோம்மா, உழுந்திருக்கும் போ.”

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை செய்கிற ஒரு பெண். முதல் குழந்தை சிசேரியன், அப்போதே காப்பர் டி போட்டிருக்கிறார்கள். ஆறாவது வாரம் வேறொரு இடத்தில் காட்டியபோது இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன் எழுதவில்லை, அட்டையிலும் எதையும் குறிக்கவில்லை. அவள் நம்பினாள். படித்தவர்கள் சொன்னால் நம்பத்தானே செய்வாள்? குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அடுத்ததுக்கு ஆசைப்பட்டார்கள், தங்கவில்லை. கணவருக்குப் பரிசோதனை, இவளுக்கு மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி, கோவில் கோவிலாகத் தொட்டில் கட்டுவது என்று நாள் ஓடியது. நகை அடகுக்குப் போனது. மாமியார் வீட்டில் பேச்சு வேறு. அவள் எங்களிடம் வந்தபோது காப்பர் டியைப் பற்றி வாயே திறக்கவில்லை, அவளைப் பொறுத்தவரை அது எப்போதோ விழுந்துபோன பொருள். ஸ்கேனில் பார்த்தால், கர்ப்பப்பையின் நடுவில், இருக்க வேண்டிய இடத்தில் அப்படியே இருந்தது. அத்தனை வருடமும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அவள் அழுததைவிட, “அப்ப என் உடம்புல கோளாறு இல்லியா அக்கா?” என்று கேட்டது எனக்குத் தாங்கவில்லை. ஒரு ஸ்கேன் எழுதியிருந்தால் இந்தப் பழி அவள்மேல் விழுந்திருக்காது.

இதே தவறு மறுபக்கமாகவும் நடக்கும். நூல் தெரியாது, “உள்ளதான் இருக்கும்” என்று அனுப்பிவிடுவார்கள். அது எப்போதோ விழுந்திருக்கும். அப்புறம் நாள் தள்ளிப்போனதும் ஓடி வருவாள். விழுந்துவிட்டது என்று நம்பி, ஒன்று உள்ளே இருக்க இரண்டாவதையும் போட்டுவிடுகிற ஆபத்தும் இருக்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். நூல் தெரியவில்லை என்றால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து கர்ப்பம் இல்லை என்று பார்க்க வேண்டும். எங்கே இருக்கிறது என்று தெரியும்வரை ஆணுறை பயன்படுத்த வேண்டும். அடுத்து ஸ்கேன். கர்ப்பப்பைக்குள் சரியாக இருந்தால் அப்படியே விடலாம், நூல் தெரியாததால் அதன் வேலை கெடாது. ஸ்கேனில் கர்ப்பப்பை காலியாக இருந்தால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். வயிறும் இடுப்பும் தெரிகிற மாதிரி ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். காப்பர் டியின் பிளாஸ்டிக்கில் பேரியம் கலந்திருப்பதால் உடம்பில் எங்கே இருந்தாலும் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். எக்ஸ்ரேயிலும் இல்லை என்றால்தான் ‘விழுந்துவிட்டது’ என்று சொல்லலாம். வயிற்றுக்குள் இருந்தால் லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது சிறு துளை போட்டு, எடுப்பார்கள். அதற்குக் கடலூர் தலைமை மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் மாதிரி பெரிய இடத்துக்குத்தான் போக வேண்டும்.

நீங்கள் விழுந்ததைக் கண்ணால் பார்த்திருந்தால் தவிர, வேறு யார் சொன்னாலும் “ஸ்கேன் எழுதிக் கொடுங்க” என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். புதுச் செவிலியர்களே, நூல் தெரியவில்லை என்றால் அட்டையில் ‘நூல் தெரியவில்லை, ஸ்கேனுக்கு அனுப்பப்பட்டது’ என்று எழுதுங்கள். ‘விழுந்துவிட்டது’ என்று எழுத உங்களுக்கு ஆதாரம் வேண்டும்.

நூலை நீங்களே இழுத்துப் பார்ப்பது

வேண்டாம். விரல் நுனியில் பட்டால் போதும். நூல் திடீரென நீளமாகத் தெரிந்தாலோ, கெட்டியான பிளாஸ்டிக் முனை தட்டுப்பட்டாலோ அது பாதி இறங்கிவிட்டது, பாதுகாப்பு இல்லை.

எடுத்த பிறகுதான் கணக்கு தொடங்கும் என்று நினைப்பது

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கணவர் பொங்கலுக்கு வந்து போனார். அவர் விமானம் ஏறிய மறுநாளே ஒரு பெண் வந்து, “இனிமே ரெண்டு வருஷத்துக்கு எதுக்கு இது?” என்று எடுத்துக்கொண்டாள். அடுத்த மாதம் நாள் தள்ளிப்போனது. காப்பர் டி உள்ளே இருக்கும்வரைதான் காப்பாற்றும். விந்தணு பெண்ணின் உடம்பில் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். குழந்தை வேண்டாம் என்றால், எடுப்பதற்கு முந்தைய 7 நாள் உறவைத் தவிர்க்க வேண்டும், அல்லது ஆணுறை பயன்படுத்தியிருக்க வேண்டும்.

பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாற்றுகிறவர்களுக்கும் இதே 7 நாள் விதிதான். ஒரே நாளில் மாற்றிக்கொள்ளலாம், இடைவெளி தேவையில்லை. ஆனால் சில சமயம் பழையது வந்துவிடும், புதியதை அன்றைக்குப் போட முடியாமல் போகும். அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாதவிலக்கு வரட்டும் என்று காத்திருப்பது

தேவையில்லை. கர்ப்பம் இல்லை என்று உறுதியானால் எந்த நாளிலும் போடலாம்.

எடுக்க வந்தவளைத் திருப்பி அனுப்புவது

இது செவிலியர்களுக்கு. முதல் மூன்று முதல் ஆறு மாதம் உதிரப்போக்கும் வலியும் கூடுதலாக இருக்கும், அதைப் போடும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லியிருந்தால் பாதிப் பேர் பயந்து ஓடி வர மாட்டார்கள். வந்தால் ரத்த அளவு பாருங்கள், வலிக்கு மாத்திரை இருக்கிறது என்று சொல்லுங்கள், வேறு முறைகளையும் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவள் “எடுத்துடுங்க” என்றால் எடுத்துவிட வேண்டும். “இன்னும் ஆறு மாசம் பாரு”, “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா” என்று அலைக்கழிக்க நமக்கு உரிமை இல்லை. அது அவள் உடம்பு. இப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண் தெருவில் பத்துப் பேரிடம் சொல்வாள், அந்தப் பத்துப் பேரும் நம் பக்கமே வர மாட்டார்கள்.

மாதவிலக்கு நின்ற பிறகும் உள்ளேயே விடுவது

காப்பர் டிக்கு முன்னால், இதே மாதிரி கர்ப்பப்பைக்குள் வைக்கும் லூப் என்ற கருவி இந்தியாவில் 1965இல் வந்தது. அதனால் வயதானவர்கள் காப்பர் டியையும் இன்றைக்கும் ‘லூப்பு’ என்றே சொல்வார்கள். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆகிவிட்டால் அது தேவையில்லை. நாளாக ஆகக் கர்ப்பப்பையின் வாய் சுருங்கி, எடுப்பது கடினமாகும். உங்கள் அம்மாவிடமும் மாமியாரிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நாள் தள்ளிப்போனால் ‘காப்பர் டிதான் இருக்கே’ என்று சும்மா இருப்பது

காப்பர் டி இருக்கும்போது கர்ப்பம் ஆவது மிகக் குறைவு. ஆனால் ஆகிவிட்டால், அது கருக்குழாயில் தங்கியிருக்கும் வாய்ப்பு சாதாரணக் கர்ப்பத்தைவிட அதிகம். நாள் தள்ளிப்போனாலே சிறுநீர்ப் பரிசோதனை செய்து, கர்ப்பம் என்றால் அந்த வாரமே ஸ்கேன் பாருங்கள். கர்ப்பப்பையில்தான் என்று தெரிந்து, நூலும் தெரிந்தால், சீக்கிரமே காப்பர் டியை எடுத்துவிடுவது நல்லது.

அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டை வலி இருந்தால் பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் இறங்கியதும் முதல் வார்த்தையாக “நாள் தள்ளிப்போயிருக்கு, காப்பர் டி போட்டிருக்கேன்” என்று சொல்லுங்கள்.