இரவு வேலை முடிந்ததும் வெயிலில் உட்காராதீர்கள்

சிங்கப்பூர் துவாஸில் எங்கள் இரவு ஷிப்டுக்கு இந்த மாதம் இரண்டு புதுப் பையன்கள் வந்திருக்கிறார்கள். காலை ஏழரைக்கு கேட்டைத் தாண்டியதும் எதிரே இருக்கும் கோப்பிக் கடையில் வெளி மேசையைப் பிடித்துவிடுவார்கள். "அண்ணே, பசியாறிட்டுப் போலாம் வாங்க." பிராட்டா, தே தாரிக், முகத்தில் பளீரென்று வெயில். பார்க்கும்போதே எனக்கு எரிச்சல் வரும். மூன்று வருடம் நானும் அதே மேசையில்தான் உட்கார்ந்தேன்.

கைபேசியைத் தூர வை, நேரத்தோடு படு என்பதெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார். அதை விடுவோம்.

பெரிய தவறு: காலை வெயில்

மூளையில், கண் நரம்புகள் இரண்டும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. உடல் கடிகாரம் அதுதான். அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதனால் தினமும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. இரவில் தூங்கிப் பழகியவருக்கு விடியற்காலை நாலு, ஐந்து மணிவாக்கில் உடல் சூடு மிகக் குறையும். அதற்கு முன்னால் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னே தள்ளும்; அதற்குப் பிறகு படுவது முன்னே இழுக்கும். பகலில் தூங்க வேண்டிய நமக்குத் தேவை பின்னே தள்ளுவது. காலை வெயில் செய்வதோ நேர் எதிர்.

இதில் சிங்கப்பூருக்கென்று ஒரு கூத்து உண்டு. 1982 ஜனவரி 1 முதல் நம் கடிகாரம் அனைத்துலக நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நாம் இருக்கும் தீர்க்கரேகைக்கு 7 மணி நேரமே போதும். ஆகவே வருடம் முழுக்க ஏழு மணிவாக்கில்தான் இங்கே விடிகிறது. ஷிப்ட் முடிவதும் அப்போதுதான். பூமத்திய ரேகைக்குத் தூரமான ஊராக இருந்தால் குளிர்கால மாதங்களிலாவது இருட்டிலேயே வீடு போய்ச் சேரலாம்.

நான் வெயில் மேசையில் உட்கார்ந்த அந்த நாட்களில் ஒன்பதரைக்குப் படுத்தால் பன்னிரண்டுக்கு விழிப்பு வந்துவிடும். மேல் வீட்டில் டிரில் போடுகிறார்கள் என்று திட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை டிரில் கிடையாது. அன்றும் பன்னிரண்டுக்கே விழிப்பு. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

உறைத்தது ஜூரோங் வெஸ்ட் சிக்னலில். வரிசையாக நாலாவது இரவு முடிந்து, பசியாறிவிட்டு பைக்கில் திரும்புகிறேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போதே கண் செருகி, கிளச்சைப் பிடித்திருந்த கை தளர்ந்துவிட்டது. பைக் துள்ளி முன்னால் நின்ற லாரியில் இடித்தது. மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு, அந்த ஆறு வாரமும் ஓவர்டைம் கிடையாது, பைக்குக்கு ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி. ஒரு வெள்ளி ஐம்பது காசு பிராட்டாவுக்கு!

இப்போது பஸ்ஸில்தான் போகிறேன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ஜன்னல் பக்கம் உட்காருவதில்லை. பசியாறுவது வீட்டில், விளக்கைக் குறைத்துவிட்டு. படுக்கையறை ஜன்னலில் அட்டை ஒட்டியிருக்கிறேன். "சினிமா ஸ்டார் வந்துட்டாரு" என்று மனைவி கிண்டல் செய்வாள். சரி, செய்யட்டும். பிற்பகல் மூன்று மணிக்கு முன் நான் எழுவதில்லை.

விடியற்காலைக் கோப்பி

ஐந்து மணிக்குக் குடித்ததில் ஏறக்குறைய பாதி, பத்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கும்.

படுக்குமுன் பீர்

கண் சொக்கும், தூக்கம் நிலைக்காது.

ஓய்வு நாளில் முழுப் பகலுக்குத் தாவுவது

தொடர்ந்து இரவு வேலை பார்ப்பவர்களுக்கு இது. இரண்டு நாள் ஓய்வில் இரவு பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால், அடுத்த இரவு முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் ஓய்வு நாளில் விடியற்காலை மூன்று மணிக்குப் படுத்து பதினொன்றுக்கு எழுகிறேன். தேக்கா மார்க்கெட்டில் நல்ல மீன் கிடைக்காது, அவ்வளவுதான் நஷ்டம்.

கறுப்புக் கண்ணாடியோடு பைக் ஓட்டுவது

கூடவே கூடாது. வெளிச்சம் குறைந்தால் தூக்கம் இன்னும் அமுக்கும். கண் சொக்கினால் சாவியைப் பையில் போட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

இதையெல்லாம் போன வாரம் பையன்களிடம் சொன்னேன். ஒருவன் மறுநாளே கண்ணாடி வாங்கிவிட்டான். அதைத் தலைமேல் ஏற்றிவிட்டு, அதே வெயில் மேசையில்தான் பிராட்டா சாப்பிடுகிறான்.