கயாக் மன்றத்துக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரீன்லாந்தின் பெரும்பாலான ஊர்களில் மோட்டார் படகு வந்தபின், மரச்சட்டத்தின்மேல் தோலோ துணியோ போர்த்திய ஒடுக்கமான ஒற்றையாள் துடுப்புப் படகான கயாக் வேட்டைத் தொழிலிலிருந்து ஒதுங்கிப்போனது. அதை இளைஞர் கையில் மறுபடியும் கொடுத்தவை ஊர் மன்றங்கள். 1985-இல் உருவான கான்னாத் கத்துஃப்பியாத் அவற்றின் கூட்டமைப்பு. மன்றங்களுக்குப் பணமும் மரமும் உழைப்பும் தர வருகிறவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். சந்தா கட்டுங்கள், கூட்டத்துக்கு வாருங்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். நல்லெண்ணத்தோடு செய்து காரியத்தைக் கெடுப்பவை மட்டும் இங்கே.

யார் வந்தாலும் உட்காரட்டும் என்று கட்டுவது

இருப்பதிலேயே எரிச்சலூட்டுவது இதுதான். மன்றத்துக்கு ஒரு கயாக் கட்டித்தர முன்வருபவர் அகலத்தைக் கூட்டுகிறார், உள்ளே தாராளமாக இடம் விடுகிறார். கரையில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் வசதியாக இருக்கிறது என்கிறார்கள். கவிழ்ந்த பிறகுதான் வினை தெரியும்.

தொடைக்கு மேலே வில்லாக வளைந்து நிற்கும் குறுக்குச் சட்டத்துக்கு மாசிக் என்று பெயர். கவிழ்ந்தவர் படகைவிட்டு வெளியே வராமல், தொடையால் அதை நெம்பித்தான் படகைத் திருப்புகிறார். படகு முதலில் திரும்பும், உடல் பின்தொடரும், தலை கடைசியில் வரும். மாசிக் 3 செ.மீ. உயர்ந்துவிட்டால் தொடைக்குப் பிடிமானமே இல்லை. பழக வந்த பையன் துடுப்பை இன்னும் முரட்டுத்தனமாக இழுப்பான், தோள் பிசகும், நமக்கு இது வராது என்று போய்விடுவான். பழி அவன் கைமேல், குறை படகில்.

மேற்குக் கிரீன்லாந்தின் பழைய அளவுகள் ஓட்டுபவரின் உடம்பிலிருந்தே வருகின்றன. நீளம், விரித்த கைகளின் அளவைப் போல் மூன்று மடங்கு. அகலம், இடுப்போடு இரண்டு முஷ்டி. ஆழம், ஒரு முஷ்டியும் நீட்டிய கட்டைவிரலும். நடுத்தர உடல்வாகுக்கு ஏறக்குறைய 5.2 மீட்டர் நீளம், 51 முதல் 56 செ.மீ. அகலம், 18 செ.மீ. ஆழம் வரும்.

பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று விடாதீர்கள். மாசிக் இரு பக்கமும் மேல்விளிம்புப் பலகைகளோடு இணைந்து நிற்பது. அதை இறக்கச் சட்டத்தின்மேல் போர்த்தித் தைத்த நைலான் துணியைக் கிழிக்க வேண்டும். அப்புறம் புதுத் துணி, புதுத் தையல், மூன்று நான்கு பூச்சு, ஒவ்வொன்றும் காய அவகாசம். கோடை போய்விடும். ஆகவே சட்டம் முடிந்ததும், துணி போர்த்துமுன், ஓட்டப்போகிறவரைக் கடலுக்குப் போடும் உடையோடும் இருக்கை மெத்தையோடும் உள்ளே உட்கார வையுங்கள். கால் நீட்டியிருக்கையில் தொடைக்கும் மாசிக்குக்கும் நடுவே உள்ளங்கை தட்டையாக நுழைந்தால் போதும். முஷ்டி நுழைந்தால் மாசிக்கை மாற்றுங்கள்.

பொதுப் படகுதான் வேண்டுமென்றால் சிறுவர், ஒல்லியானவர், பருத்தவர் என மூன்று அளவில் கட்டுங்கள். பக்கவாட்டு இடைவெளியை நுரைப் பட்டையால் அடைக்கலாம். மிஞ்சிய ஆழத்தை அது திருத்தாது. உட்காருமிடத்துக்குப் பின்னாலுள்ள மேல்தளம் உயர்ந்திருந்தால் முதுகைச் சாய்த்து எழவே முடியாது.

ஆணி, திருகு

வேண்டாம். சட்டம் அலையோடு வளைய வேண்டும். மெழுகிட்ட நூலால் கட்டுங்கள்.

சூளையில் உலர்த்திய மரத்தில் விலா

படகின் விலாச் சட்டங்களை ஆவியில் வளைக்கும்போது இந்த மரம் ஒடியும். காற்றில் உலர்ந்த அல்லது பச்சை ஓக் மரத்தை நேரான நார் பார்த்து எடுங்கள்.

நைலானைக் காய்ந்தபடியே தைப்பது

நைலான் நனைந்தால் தளரும். கடையில் விறைப்பாக இருந்தது கடலில் தொளதொளக்கும். ஊறவைத்து, ஈரத்தோடு இழுத்துத் தையுங்கள். காயும்போது தானே இறுகும்.

அகலத் துடுப்பை நன்கொடையாகத் தருவது

கிரீன்லாந்துத் துடுப்பின் அலகு 8, 9 செ.மீ. அகலந்தான். உருண்டு எழும்போது கை அலகின் நுனிவரை நகரும், அதனால் அலகே கைப்பிடிக்குள் அடங்க வேண்டும். கடையில் விற்கும் அகல அலகு அடங்காது, மூலையில்தான் கிடக்கும். அதே பணத்தில் 2.3 மீட்டர் நீளத்தில் முடிச்சில்லாத செவ்வகில் (சிவப்பு சீடர்) மரக்கட்டை வாங்கிக் கொடுங்கள். ஓட்டுபவரே தன் விரித்த கைகளின் நீளத்தோடு ஒரு முழம் கூட்டி வெட்டிச் செதுக்கிக்கொள்வார்.

சீல் தோல் வாங்கி வருவது

படகுக்குப் போர்த்தும் சீல் (கடல்நாய்) தோல் கிரீன்லாந்தில் சட்டப்படியான பொருள். அமெரிக்க மன்றத்துக்கென்று கொண்டுபோனால் 1972-ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி சுங்கத்தில் பறிபோகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டுத் தடையில் ஆர்க்டிக் பழங்குடிகளான இனுயிட் மக்களின் வேட்டைக்கு விலக்கு உண்டு, ஆனால் சான்றிதழ் கூடவே வர வேண்டும்.

துயிலிக்கின் இழுவளையம்

தலைமூடியுள்ள இந்த மேலங்கியின் கீழ்விளிம்பு படகின் வாய் வளையத்தை இறுக்கிப் பிடித்திருக்கும். கழற்றும் இழுவளையம் உள்ளே மடிந்து கிடந்தால் தலைகீழாகத் தொங்கும்போது விடுபட வழியில்லை. தண்ணீரில் இறங்குமுன் வேறொருவர் பார்க்கட்டும்.

படகுகளை வெயிலில் அடுக்குவது

வெயில் நைலானை நைக்கும், உள்ளே தேங்கிய நீர் விலாக்களை அழுகவைக்கும். நீரை வடித்து, குப்புறக் கவிழ்த்து, இரண்டு அகலப் பட்டைகளின் மேல் நிழலில் வையுங்கள். பணமாகக் கொடுக்க விரும்புகிறவர்கள் கொட்டகைக் கூரைக்குக் கொடுக்கலாம். படகுக்குக் கொடுத்தால் பெயர் எழுதிவைப்பார்கள் என்பதால் கூரைக்கு யாரும் கொடுப்பதில்லை.