வீட்டில் டாக்டர் இருந்தும் நடக்கும் தவறுகள்

ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியிலோ மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் தனியார் ஆஸ்பத்திரியிலோ வேலை பார்க்கும் டாக்டர், நர்ஸ் வீடுகளில் பெரிய ஆபத்து எது என்று கேட்டால், “மகள் டியூட்டி முடிஞ்சு வரட்டும்” என்று காத்திருப்பதைத்தான் முதலில் சொல்வோம்.

அப்பாவுக்கு வாய் கோணுகிறது, ஒரு கை தளர்கிறது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் அவகாசம். அது, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஓடும் கணக்கு. நீங்கள் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பீர்கள், போன் லாக்கரில் இருக்கும். ஆகவே வீட்டில் இருப்பவர் முதலில் 108-ஐ அழைக்க வேண்டும், உங்களை அப்புறம்தான். சி.டி. ஸ்கேனும் அந்த ஊசியும் இரவிலும் கிடைக்கும் ஆஸ்பத்திரி எது என்று இப்போதே விசாரித்து, வார்டு போன் நம்பரோடு சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்தது போனிலேயே வைத்தியம் பார்ப்பது. “அம்மைக்குத் தலை சுத்துது” என்றதும் “பிரஷர் மாத்திரையை நிறுத்து” என்று சொல்லிவிடுகிறோம். சர்க்கரை இறங்கியிருக்கலாம், நீர் மாத்திரையால் சோடியம் குறைந்திருக்கலாம். முதலில் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்க முடிந்தால், 3 டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். சர்க்கரை சரியாக இருந்தால் பிரஷரை உட்கார்ந்தும், எழுந்து நின்று 1, 3 நிமிடத்திலும் எடுக்கட்டும். மேல் அளவு 20 குறைந்தால் அது நிற்கும்போது பிரஷர் இறங்குவது. மாத்திரையை மாற்றுவது பெற்றோரின் டாக்டர் வேலை, அந்த டாக்டர் நீங்களாக இருக்கக் கூடாது.

மூன்று தலைமுறை இருக்கும் வீட்டில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பாட்டிக்கு வசதியாக, எளிதில் திறக்கும் டப்பாவில் வாரத்துக்கான மாத்திரைகளைப் போட்டு மேசையில் வைக்கிறோம். அதை இரண்டு வயதுப் பேரனும் திறப்பான். கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று போதும், சிறு குழந்தைக்குச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிட. சர்க்கரை பல மணி நேரம் கழித்துக்கூட இறங்கலாம். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையும் ஆபத்துதான், அது பிரஷரை இறக்கிவிடும். “விளையாடிட்டுதானே இருக்கான்” என்று டாக்டர் அம்மாவே வீட்டில் வைத்துப் பார்ப்பதுதான் இங்கே பெருந்தவறு. குழந்தை விழுங்கியிருந்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள், மாத்திரை அட்டையையும் கொண்டு போங்கள். டப்பா பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். சாம்பிள் மாத்திரை கிடக்கும் உங்கள் கைப்பையும்தான். டப்பாவை நிரப்பும்போது மருந்தின் பெயரைப் படியுங்கள். டிஸ்சார்ஜில் கொடுத்த புது பிராண்டும் பழைய பிராண்டும் ஒரே மருந்தாக இருப்பது அடிக்கடி நடக்கிறது.

நைட் டியூட்டி முடிந்த காலையை விடுமுறை நாள் என்று எண்ணாதீர்கள். அன்றைக்கே அப்பாவைக் காரில் ஏற்றித் திருவனந்தபுரம் செக்கப்புக்கு ஓட்டிப்போவது விபத்தைத் தேடிப் போவது. அந்த அசதியில் கைக்குழந்தையோடு சோபாவில் சாயவும் கூடாது. அப்படியே தூங்கிவிட்டால் குழந்தைக்கு மூச்சு முட்டலாம்.

பிறந்த குழந்தையை விட்டு அவசரமாக வேலைக்குத் திரும்பாதீர்கள். தனியாரில் முதல் இரண்டு பேறுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு சட்டப்படி உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கேளுங்கள், நாளைக்கு 4 முறை போய்ப் பார்க்க உரிமை இருக்கிறது. பிழிந்து எடுத்து வைத்த தாய்ப்பால் 4 மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி வரைக்கும்தான். நாகர்கோவில் வெயிலுக்கு அது பொருந்தாது, ஐஸ் பை வேண்டும்.

வளைகுடாவில் இருக்கும் தம்பி பணம் மட்டும் அனுப்பினால் போதாது. இன்சூரன்ஸ் புதுப்பிப்பு, டாக்டரிடம் டோக்கன் போடுவது, மாத்திரை நேரத்தில் வீடியோ காலில் அப்பாவோடு பேசுவது, எல்லாம் அங்கிருந்தே செய்யலாம். பெயர் போட்டு ஒப்படையுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வீடு தேடி வந்தால், டாக்டர் வீடு என்று கூச்சப்பட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். பிரஷர், சர்க்கரை பார்க்க நீங்கள் இல்லாத நேரத்தில் இன்னொரு ஆள் கிடைக்கிறார்.